பாதி வோல்ட்டேஜ்

எனக்கு ஆயுத பூஜை பிடிக்காது. சாமி மேல் கோபமில்லை, அவரை நான் இந்த வழக்கில் சேர்க்கவே இல்லை. கோபமெல்லாம் மனிதர்கள் மேல்தான், அதிலும் இரண்டு பேர் மேல். ஒருவர் என் எஞ்சினியர். இன்னொருத்தி, ஆறு வருஷம் என் பக்கத்தில் நின்று வேலை செய்த அக்கா. எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறாததில் எனக்கு வெட்கமும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவில், கிள்ளானுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான் ஆப்பரேட்டர். பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கி வரும். ரப்பர் பால் தொட்டியில் முங்கி எழும், அடுப்பில் காயும், சூடான தண்ணீர்த் தொட்டியில் கழுவப்படும். கடைசியில் நாங்கள் நின்று கையுறையை உருவுவோம். காலையில் ஆரம்பித்தால் உருவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அமோனியா நெடியில் கண் எரியும், விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

அந்த விரல்களோடு வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் போவேன். சேலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு நடந்தது. நான் பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்று கடைசி அரைமணி நேரம் என் இடத்தையும் சேர்த்து அக்காதான் பார்த்துக்கொள்வாள். இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாக உருவுவாள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

சர்டிபிகேட் வந்ததும் எடுத்துக்கொண்டு எஞ்சினியரிடம் போய் டெக்னீஷியன் வேலை கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நல்ல பேப்பர், பிள்ளை," என்றார். "ஃப்ரேம் போட்டு வீட்டில மாட்டும்."

அவருடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா, அப்பாவுக்கு அப்பா என்று எல்லாரும் அரசாங்க உத்தியோகம், பிரிக்பீல்ட்ஸில் சொந்த வீடு. நான் சேர்ந்த முதல் வாரமே, "உம்முடைய ஆக்கள் எந்த எஸ்டேட்?" என்று கேட்டார். அப்பா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். ஒரு தலையாட்டல் வந்தது, அவ்வளவுதான். எல்லா யாழ்ப்பாணத்தாரும் அப்படியில்லை. வகுப்பில் எனக்குத் தன் நோட்டைக் கொடுத்து உதவியவளும் யாழ்ப்பாணத்துப் பெண்தான். ஆனால் இந்த மனிதரின் தலையாட்டல் ஒன்று எனக்குப் போதும், ஜென்மத்துக்கும் போதும்.

எங்கள் லைனில் ஒரு தொல்லை இருந்தது. கழுவுகிற தண்ணீர் ஆறிவிட்டால் ஒரு ஷிஃப்ட் சரக்கே திரும்பி வந்துவிடும். அதற்காகத் தொட்டி ஓரம் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் சரியான சூட்டில் இருந்தால் பச்சை விளக்கு மின்னும், ஆறினால் சிவப்பு. தண்ணீர் தெறிக்கிற இடம் என்பதால் அங்கே கரண்ட் வயர் இழுக்க முடியாது. பேட்டரி போட்டால் அமோனியா காற்றில் அதன் முனைகள் பச்சை பூத்துச் செத்துப் போகும். மேனேஜர் ஒரு சீனர், எல்லாருக்கும் அவர் 'பாஸ்', அவரோடு பேச்சு மலாயில்தான். அவர் எங்கிருந்தோ சாம்பிளாக இரண்டு வெள்ளைத் தகடுகள் கொண்டுவந்தார். பிஸ்கட் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் சூடும் மறு பக்கம் குளிர்ச்சியுமாக வைத்தால் அதிலிருந்து மின்சாரம் வரும். சுடுதண்ணீர்க் குழாய்தான் இருக்கிறதே, அதன் மேல் இதை வைத்துப் பெட்டியை ஓட்டு என்று எஞ்சினியரிடம் சொன்னார்.

எஞ்சினியர் செய்தார். தகடுகளைக் குழாய் மேல் வைத்து, அதன் மேல் சூட்டைக் காற்றில் விட, சீப்புப் பல் மாதிரி இருக்கும் அலுமினிய ஹீட் சிங்க்கை வைத்து போல்ட் போட்டு இறுக்கினார். தகட்டிலிருந்து வருகிற மின்சாரம் ஒரு கெப்பாசிட்டரில் சேரும். நிறைந்ததும் பெட்டி ஒருமுறை சூட்டைப் பார்த்து விளக்கை மின்னும், ஒரு கவுண்டர் 'டக்' என்று ஒரு எண் தள்ளும். ஆக, கவுண்டர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். பாஸ் கேட்டது நிமிஷத்துக்கு ஒரு டக். எஞ்சினியரின் பெட்டி நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை, பென்ஷன் வாங்கியவர் மாதிரி, டக் என்றது.

"தகடு சரியில்லை," என்றார் எஞ்சினியர். "வோல்ட்டேஜ் நல்லாத்தான் நிக்குது. இதுக்கு மேல வராது."

நான் பக்கத்தில் நின்று உருவிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வோல்ட்டேஜ் நிக்கிறதுதான் பிரச்சினை," என்றேன்.

பாஸ் திரும்பிப் பார்த்தார். "நீ செய்வியா?"

"செய்வேன் பாஸ்."

"ஓகே லா. ஒரு வாரம். எல்லா ஷிஃப்டும் ஒரு நிமிஷத்துக்கு ஒன்னு. கிடைச்சா நீ டெக்னீஷியன். ஒரு ஷிஃப்ட் குறைஞ்சாலும் ஹபிஸ், முடிஞ்சது."

எஞ்சினியர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நான் அதைச் செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன். படிப்புக்காக, சம்பளத்துக்காக என்றெல்லாம் பின்னால் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அந்தச் சிரிப்புதான்.

அவர் செய்த தப்பு, படித்தவர்கள் செய்கிற தப்பு. மீட்டரை வைத்துப் பார்த்தால் தகடுகள் ஒரு வோல்ட் காட்டின. ஒன்றும் இணைக்காமல் சும்மா விட்டால் காட்டுகிற வோல்ட் அது. அந்த ஒரு வோல்ட் குறையவே கூடாது என்று, கொஞ்சம் இறங்கினாலும் பெட்டி மின்சாரம் இழுப்பதை நிறுத்திக்கொள்ளும்படி சர்க்யூட் செய்திருந்தார். கௌரவம் குறையாமல் வோல்ட்டேஜ் நின்றது. கரண்ட்தான் ஓடவில்லை.

தகட்டுக்கு உள்ளேயே ஒரு தடை இருக்கிறது. வெளியே நாம் வைக்கிற தடையும் அதே அளவு இருந்தால்தான் அதிகப்படி சக்தி வெளியே வரும். அப்போது வோல்ட்டேஜ் சரிபாதியாக இறங்கி நிற்கும். கார் கழுவுகிறபோது தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் முழுக்க அடைத்தால் உள்ளே அழுத்தம் இருக்கும், தண்ணீர் வராது. முழுக்கத் திறந்துவிட்டால் தண்ணீர் வழியும், வேகம் இருக்காது. நடுவில் எங்கோதான் காரின் சேறு போகும்.

அரை வோல்ட்டில் சாதாரண டிரான்சிஸ்டர் கண்ணையே திறக்காது. வீட்டில் ஓடாமல் கிடந்த பழைய ரேடியோவைப் பிரித்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஒன்றைப் பிடுங்கினேன். அது அரை வோல்ட்டுக்கே விழித்துக்கொள்ளும். அதை வைத்து, பெட்டி எப்போதும் தகட்டைப் பாதி வோல்ட்டேஜுக்கு இழுத்து வைத்தே குடிக்கும்படி சர்க்யூட்டை மாற்றினேன். கவுண்டர் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒன்றாக வந்தது.

எஞ்சினியர் மீட்டரை வைத்துப் பார்த்தார். "ஒரு வோல்ட் இருந்த சாமானை அரை வோல்ட் ஆக்கிப்போட்டீர். இதுக்குத்தானா சர்டிபிகேட்?"

"கவுண்டரைப் பாருங்க சார்."

"கவுண்டர் எனக்குத் தேவையில்லை. மீட்டர் பொய் சொல்லாது, பிள்ளை."

குழாய்க் கதையை அவருக்கும் சொன்னேன். "கார் கழுவுற வேலைக்குப் போகலாம் நீர்," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன புரிந்தது என்று சிரித்தார்கள்? சார் சிரித்தால் சிரிக்க வேண்டும், அது எங்கள் ஆட்களுக்குத் தோட்டத்திலிருந்தே வந்த பழக்கம்.

பாக்கி வேலை சூட்டில் இருந்தது. குழாய் சூடாக இருந்தால் மட்டும் போதாது. சூடு தகட்டுக்குள் நுழைந்து மறுபக்கமாக வெளியேற வேண்டும், அந்த ஓட்டத்தில்தான் மின்சாரம். மறுபக்கம் ஆறாவிட்டால் தகட்டின் இரண்டு முகமும் சூடாகி, ஒன்றும் வராது. கிள்ளான் காற்று ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருக்கிற காற்று, அதில் ஆற வைப்பது லேசில்லை. எஞ்சினியர் ஒட்டுப் பசையை ரொட்டிக்கு மார்ஜரின் தடவுகிற மாதிரி அப்பியிருந்தார். வழித்து எடுத்துவிட்டு, தகடு தெரிகிற அளவு மெல்லிசாகத் தடவினேன். அவருடைய இரும்பு போல்ட்டுகள் குழாயின் சூட்டைத் தகட்டுக்குள் விடாமல் நேராக ஹீட் சிங்குக்கே கடத்திக்கொண்டிருந்தன. பேக்கலைட் வாஷர் போட்டு அந்தக் கள்ள வழியை அடைத்தேன். படுக்கவைத்திருந்த ஹீட் சிங்க்கை நிமிர்த்தினேன். பற்களுக்கு இடையில் காற்று தானாக மேலே ஏற ஆரம்பித்தது.

நிமிஷத்துக்கு ஒரு டக் வந்தது. சில சமயம் நிமிஷம் முடிவதற்குள்ளேயே வந்தது. நான் கையுறை உருவிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

திங்கள் சோதனை தொடங்கியது. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் கணக்கெழுதும் கிராணி வந்து கவுண்டரைப் படித்து அட்டையில் எழுதிவிட்டுப் போவார். திங்கள் சரி, செவ்வாய் சரி, புதன் சரி. வியாழன் ஆயுத பூஜை.

எங்கள் தொழிற்சாலையில் தமிழர்கள் அதிகம். வருஷா வருஷம் பாஸ் அனுமதி கொடுப்பார். முதல்நாள் சாயங்காலம் லைன் முழுக்கத் துடைத்து, மோட்டார், கியர் பாக்ஸ், பம்ப் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். காலை ஷிஃப்ட் தொடங்கும்போது கற்பூரம், பொரிகடலை, சர்க்கரைப் பொங்கல். சங்கிலி மட்டும் நிற்காது, மாலையோடேயே ஓடும். எல்லா மாலையும் அக்கா கட்டியவை. அவள் பூக்கட்டினால் சரம் இரும்புக் கம்பி மாதிரி நிற்கும், நடுவில் ஊசி நுழைய இடமிருக்காது.

வியாழன் காலை உள்ளே வரும்போதே எனக்குச் சத்தம் வித்தியாசமாக இருந்தது. டக் வரவில்லை. நின்றேன். வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்று வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். என் ஹீட் சிங்க்கை மூன்று சுற்றாகச் சுற்றி, கைப் பருமனில் செவ்வந்தி மாலை. பற்கள் இருக்கிற இடமே தெரியவில்லை. மேலே சந்தனம் வேறு, வாய்க்கால் அடைத்த மாதிரி. முதல்நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனதிலிருந்து அலுமினியம் மூச்சு விடவில்லை. சூட்டு வித்தியாசம் பாதியானால் மின்சாரம் கால்வாசியாகிவிடும். ஒரு முழு ஷிஃப்ட் போயிருந்தது.

கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். எஞ்சினியர்தான் நெற்றி நிறைய விபூதியோடு தட்டைப் பிடித்திருந்தார். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். நான் பூட்ஸ் காலோடு நடுவில் போய் அந்த மாலையைப் பிய்த்தேன். லேசில் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அறுந்ததும் கொண்டுபோய்க் கழிவுக் கையுறைத் தொட்டியில் போட்டேன்.

"எந்த முட்டாள் இதைக் கட்டினது?" என்று கத்தினேன்.

தெரிந்துதான் கத்தினேன். அப்படிக் கட்டுகிறவள் அங்கே ஒருத்திதான்.

அக்கா முன்னால் வந்தாள். "நான்தான்டி," என்றாள். "உன் பெட்டிக்கும் ஒன்னு போடணும்னு தனியா கட்டினேன். நீ ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டுப் போட்டேன். சாமி மாலைடி அது."

"அறிவு இருக்கா உனக்கு? பூக்கட்டத் தெரிஞ்சா போதுமா? நாசமாக்கிட்டியே!"

அவள் முகம் என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் நிமிஷத்துக்கு ஒரு டக் திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்க்க ஆளில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளியும் சனி காலையும் ஓட்டம் பழுதில்லை. சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் பாஸ் அட்டையோடு பெட்டி முன்னால் வந்து நின்றார். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து வியாழனில் விரலை வைத்தார்.

"இது அபா பசால்? ஏன் குறைஞ்சது?"

"மாலை பாஸ். பூஜைக்கு இது மேல மாலை சுத்திட்டாங்க. காத்துப் போகல. எடுத்ததும் சரியாயிடுச்சு."

பாஸ் எஞ்சினியரைப் பார்த்தார். எஞ்சினியர் கையை விரித்தார். "பூ மாலை மெஷினை என்ன செய்யும் பாஸ்? எனக்கு இதுமேல ஒரு மாலையும் கண்ணில படேல்லை. முதல் நாளே சொன்னனான், வோல்ட்டேஜ் பாதிக்கு வந்திட்டுது எண்டு."

கற்பூரத் தட்டோடு எனக்கு எதிரில் நின்றவர் சொன்னார் இதை. விபூதி பூசிய நெற்றியோடு இந்த வாய் எப்படி வருகிறது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

"இப்பவே ஒரு மாலை வாங்கி வந்து சுத்துறேன் பாஸ். பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்," என்றேன்.

"சாமிக்குப் போட்ட மாலையைப் பிய்ச்சு எறிஞ்ச பிள்ளை, இப்ப விளையாட்டுக்கு மாலை போடப்போகுதாம்," என்றார் எஞ்சினியர், தமிழில், எல்லாருக்கும் கேட்கும்படி. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இல்லாத மாலையை எப்படிப் பிய்த்து எறிந்திருப்பேன் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியும் கேட்கவில்லையோ என்னவோ. பாஸுக்குத் தமிழ் புரியவில்லை, முணுமுணுப்பு புரிந்தது. மத விஷயத்தில் அவர் கைவைக்கவே மாட்டார்.

"நோ, நோ. இனி பூ வேண்டாம்." என்றவர், பெட்டிக்கு மிக அருகில் நிற்கிற அக்காவைப் பார்த்தார். "நீ சொல்லு. பூ இருந்துச்சா, இல்லையா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கையுறையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"தாக் தாவு, பாஸ்," என்றாள். தெரியாதாம்.

அவ்வளவுதான். பாஸ் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். என் டெக்னீஷியன் வேலையும் அதோடு போனது.

திங்கட்கிழமை எஞ்சினியர் தகட்டு வயர்களை வெட்டிவிட்டு, பெட்டியின் பழைய பேட்டரிக் கூட்டில் இரண்டு பேட்டரிகளைப் போட்டார். மாதம் ஒருமுறை பேட்டரி மாற்றி அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். "உமக்குத்தானே எலெக்ட்ரானிக்ஸ் தெரியும்," என்றார்.

முதல் மாதம் மூடியைத் திறந்தபோது பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது. தகடுகளும் ஹீட் சிங்க்கும் குழாய் மேல் அப்படியேதான் இருந்தன, கழற்ற யாருக்கும் மனமில்லை. வெட்டிய வயர்களை ஒட்டினேன். என் சர்க்யூட்டை எழுப்பினேன். மீட்டரில் அரை வோல்ட் பார்த்துவிட்டு, பேட்டரிகளை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, 'பேட்டரி மாற்றப்பட்டது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் அந்தப் பெட்டியில் பேட்டரியே இல்லை. மாதா மாதம் ஸ்டோரில் இரண்டு வாங்குவேன், மூடியைத் திறப்பேன், மூடுவேன், கையெழுத்துப் போடுவேன். நடுவில் வந்த ஆயுத பூஜைக்கு முதல்நாள் மட்டும் மாலை போடுகிறவர்கள் போகும்வரை அங்கேயே நின்றிருந்தேன். கிட்டே வர யாருக்கும் துணிவில்லை. எஞ்சினியர் பாஸிடம், "பேட்டரிதான் நம்பிக்கை எண்டு நான் அப்பவே சொன்னனான்," என்று பெருமையடித்ததை என் காதால் கேட்டேன். சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. சொன்னால் என்ன ஆகும்? அனுமதியில்லாமல் கை வைத்தாள், பேட்டரி திருடினாள் என்று அனுப்பியிருப்பார்கள். நான் செய்த வேலையை நானே திருட்டுத்தனமாக வைத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஒன்றரை வருஷமும் நானும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே சங்கிலியில், ஒரே கைகளை உருவினோம்.

பிறகு எனக்குச் செராஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. கடைசி நாள் எஞ்சினியர் அக்காவை அழைத்து வந்தார். அவள் கையில் இரண்டு புது பேட்டரிகளையும் ஸ்க்ரூ டிரைவரையும் கொடுத்தார்.

"இது சுகமான வேலை. மாசம் ஒருக்கா மாத்தினால் போதும். இவ காட்டித் தருவா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஒன்றும் காட்டவில்லை. அக்காவே நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் திறந்தாள். பேட்டரிக் கூடு காலியாக, பச்சை பிடித்துக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை விளக்கு மின்னி, கவுண்டர் டக் என்றது. வயர் போகிற வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போய் ஹீட் சிங்க்கில் நிறுத்தினாள். ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். பிறகு மூடியைப் பொருத்தி ஸ்க்ரூவை முடுக்கினாள். அட்டையை எடுத்து, 'பேட்டரி மாற்றப்பட்டது' என்ற கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். பேட்டரி இரண்டையும் என் பைக்குள் போட்டாள்.

"இது மேல பூ படக்கூடாது," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "அவ்ளோதானே?"

அந்த ஒரு வாக்கியத்தை அந்தச் சனிக்கிழமை பாஸிடம் சொல்லியிருந்தால் போதும். அறைந்துவிடுவேனோ என்று பயந்து பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றாள். அந்த மாலை விஷயத்தில் என்ன எதிர்பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அது ஒரு வாக்கியம்தான். நானும் சொல்லவில்லை.